பங்களாவில் விட்டு வந்த இரண்டாவது ஸ்பீக்கர்

பேய், பிசாசு, காத்து, கருப்பு இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. நீங்கள் சிரிப்பதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் மலாக்கா டவுனில் மின்சார இலாகாவில் வயர்மேனாக இருந்தவன். கம்பம் ஏறிப் பிழைத்தவனுக்கு ஒரே வேதம்தான். கரண்டு இருந்தால் விளக்கு எரியும், இல்லாவிட்டால் எரியாது. புக்கிட் சீனா இடுகாட்டு ஓரத்தில் ஒரு தெருவிளக்கு தானாக எரிந்து தானாக அணைகிறது என்று ஜனங்கள் அந்தப் பக்கம் போகவே பயந்தபோது, நான்தான் ஏறிப் பார்த்து, லூசாகக் கிடந்த ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு இறங்கினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அன்றைக்கு எல்லாரையும் கேலி செய்தவனும் நான்தான். ஆகவே நான் சொல்வதை நம்புங்கள் என்று கேட்கமாட்டேன், நம்பினால் நம்புங்கள், ஆனால் பாதியில் எழுந்து போகாதீர்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம். எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள் எல்லாருமாக வாடகைக்கு இருந்தோம். வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று பேச்சு வந்ததுமே அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அவன் போய்ட்டா நம்ம கதி என்னாவும்டா, வா, ஊருக்கே போயிருவோம்" என்று நச்சரித்தார். நான் வரமாட்டேன் என்று பெரிய வீரனைப் போலச் சொல்லிவிட்டேன், இலாகா வேலை, பென்ஷன் எல்லாம் இருக்கிறதே. பினாங்கு வரைக்கும் போய் அவர்களைக் கப்பல் ஏற்றிவிட்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தேன் பாருங்கள், அப்போதுதான் தெரிந்தது நான் என்ன செய்திருக்கிறேன் என்று. பிள்ளைகள் சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கியது அப்படியே இருந்தது, ஆள்தான் இல்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு நான் அழுதேன்.

அக்கம்பக்கத்தில் மனிதர்கள் இல்லாமல் இல்லை. எங்கள் சந்தில் எல்லாம் மலாக்கா செட்டிமார் வீடுகள். நெற்றியில் விபூதி, வாசலில் மாவிலைத் தோரணம், கும்பிடுவது அம்மனை, ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். தங்கமான மனிதர்கள். எனக்கும் மலாய் தெரியும், மீட்டர் எங்கே இருக்கிறது, ஃப்யூஸ் போய்விட்டதா என்று கேட்கிற அளவுக்கு. இன்றைக்கு மனசு சரியில்லை என்பதை அந்த மலாயில் எப்படிச் சொல்வது? வேலை முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலை வரை தமிழில் ஒரு சொல் என் காதில் விழாது.

இந்த வெறுமையில்தான் எனக்கு ஸ்பீக்கர் ஆசை வந்தது. ஜாசின் பக்கம், இங்கிருந்து இருபது மைலில் ஒரு ரப்பர் எஸ்டேட். அங்கே துரை பங்களாவில் கரண்டுக்குத் தனி ஜெனரேட்டர், அதைப் பழுது பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவதுண்டு. துரை பாட்டுப் பைத்தியம். சிங்கப்பூரில் ஒரு சினிமாக் கொட்டகையை இடித்தபோது அங்கிருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வாங்கி வந்து, நல்ல மரத்தில் பெட்டி செய்து, ஹாலின் இரண்டு மூலையிலும் நிறுத்தியிருந்தார். ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம், இரண்டு ஆள் அகலம். அவர் இசைத்தட்டு போட்டால் வெளியே ஜெனரேட்டர் கொட்டகையில் நிற்கிற எனக்கு நெஞ்சுக்குள் அதிரும். என்ன பாட்டு என்று ஒன்றும் புரியாது, ஆனால் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். துரை சீமைக்குக் கிளம்பியபோது பங்களாச் சாமான்களை விலைக்குப் போட்டார். கட்டில், மேசை எல்லாம் யார் யாரோ வாங்கினார்கள். இரண்டு ஸ்பீக்கரையும் என் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு நான் வாங்கினேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், கணக்கும் அறியாது.

துரை போன பிறகு பங்களாவில் மிச்சம் இருந்தது ஆயா வேலை பார்த்த பாக்கியம் அக்கா மட்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து சர்க்கார் போட்ட அவசரகாலத்தில், தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் ரோட்டோரத்துக்கு மாற்றிவிட்டதால், மேட்டில் தனியாக நின்ற அந்த பங்களாவைச் சுற்றி ஒரு மைலுக்கு மனித வாடையே கிடையாது. விற்ற சாமான் எல்லாம் போய்ச் சேரும்வரை காவல் இருந்து, கடைசிச் சாமான் போன அன்றைக்குச் சாவியை எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியிடம் கொடுக்க வேண்டும் என்பது துரை அவருக்கு இட்ட உத்தரவு.

சாமான் ஏற்ற லோரி கொண்டு வந்தவன் சீனன் ஆ லெக். எஸ்டேட் எஸ்டேட்டாக ரப்பர் ஷீட் ஏற்றி மலாக்காவுக்கு அடிக்கிறவன், தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழும் பேசுவான். ஸ்பீக்கரின் முகத்துத் துணி கிழியாமல் பலகை வைத்து ஆணி அடித்து, சாக்கு சுற்றி, கயிறு போட்டு, மூங்கிலில் மாட்டி நாலு பேர் தூக்கிப் படியிறக்குவதற்குள் உயிர் போய்விட்டது. லோரியில் ரப்பர் ஷீட் போக ஒரு பெட்டிக்குத்தான் இடம் இருந்தது.

"ரெண்டு போவாது லா வயர்மேன். ஒண்ணு இன்னிக்கி, ஒண்ணு அடுத்த வாரம்," என்றான் ஆ லெக்.

பாக்கியம் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஜோடிப் பொருள பிரிக்காதீங்க தம்பி. ரெண்டு மாடு பூட்டுற வண்டியில ஒரு மாட்ட மட்டும் அவுத்து ஓட்டிட்டுப் போவாங்களா? ரெண்டும் ஒண்ணையொண்ணு தேடும்."

"மரப் பெட்டி தேடுமாக்கா?" என்று நான் சிரித்தேன்.

"நீங்க சிரிங்க. சீக்கிரம் வந்து இன்னொண்ணையும் எடுத்துட்டுப் போயிருங்க. எம் மக சிகாமட்டுல நெறமாசமா இருக்கா. இந்தப் பெட்டி போனாத்தான் நா போவ முடியும்."

அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் லோரி ஏறினேன்.

வீட்டில் இறக்கும்போது பக்கத்து வீட்டு ஆறுமுகம் பிள்ளை ஒரு கை கொடுத்தார். "இது பெட்டியா, பிணப்பெட்டியா?" என்று மலாயில் கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஹாலில் சுவரோரம் நிறுத்தினோம். ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் தானாகப் பேசாது, அதற்கு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதை நானே செய்வதாக இருந்தேன், வால்வு கூட இன்னும் வாங்கவில்லை. பெட்டியின் பின்னால் வருகிற வயரைச் சுருட்டி, நூலால் கட்டி, ஒரு ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். அது எதோடும் சேரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கோப்பி கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். யாரோ பலகைத் தரையை ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்குகிற சத்தம். பக்கத்து வீடு என்று நினைத்தேன். ஆனால் சத்தம் அங்கிருந்து வரவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், அப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. அது பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு பெண் குரல், "சூ... சூ... போ அந்தாண்ட, உள்ளாற வந்து அசிங்கம் பண்ணிக்கிட்டு" என்று கோழியை விரட்டியது. பாக்கியம் அக்காவின் குரல்.

நான் அப்போதும் பயப்படவில்லை, வயர்மேன் இல்லையா. மெயின் ஸ்விட்சை அணைத்தேன். ஆணியிலிருந்து வயரை எடுத்து டெஸ்ட் விளக்கு வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. முகத்துத் துணியை விரல் நுனியால் தொட்டால் குரலுக்குத் தகுந்தபடி மெல்ல அதிர்ந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும், ஸ்பீக்கர் என்பது திருப்பிப் போட்டால் மைக்தான். இரண்டு ஸ்பீக்கரைக் கம்பியால் சேர்த்து ஒன்றின் முன்னால் நின்று பேசினால் மற்றதில் லேசாகக் கேட்கும். ஆனால் நடுவில் கம்பி வேண்டும். இருபது மைல் கம்பியை யார் இழுத்தது? பங்களாவில் ஜெனரேட்டரும் நின்று ஒரு வாரம் ஆகிவிட்டது. அன்றைக்கு இரவு வெகு நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, கம்பி தொடாமலே கரண்டு தாவுகிற ஏதோ இண்டக்‌ஷன் கோளாறு என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு படுத்தேன்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். வெயில் சாய்கிற நேரம் அவர் ஹாலைப் பெருக்குவார், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவார், தனக்குத் தானே பேசிக்கொள்வார். "இன்னிக்கி கருவாடு பரவாயில்ல" என்பார். "மழ வருமாட்டம் இருக்கு" என்பார், அரை மணி நேரத்தில் காஜா பெராங்கிலும் மழை வரும். சொன்னால் பைத்தியம் என்பீர்கள், எனக்குப் பயம் போய் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. என் வீட்டுக்குள் தமிழ்ச் சத்தம் கேட்டது. நாலு மணிக்கு சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவேன். சாப்பாட்டைக்கூடப் பெட்டியின் முன்னால் வைத்துத்தான் சாப்பிட்டேன்.

பிறகு நானும் பேச ஆரம்பித்தேன். அதுவும் சும்மா, தனியாக இருக்கிறவன் பூனையோடு பேசுகிற மாதிரிதான். ஃபோர்மேன் திட்டியது, சோறு கருகியது, அண்ணனிடமிருந்து கடிதம் வராதது எல்லாவற்றையும் சொல்வேன். ஒருநாள் ஃபோர்மேனின் தொப்பி காற்றில் பறந்து சாக்கடையில் விழுந்த கதையைச் சொன்னபோது, பெட்டிக்குள் அவர் களுக்கென்று சிரித்தார். எதற்கோ சிரிக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. ஆ லெக் வாசலில் லோரியை நிறுத்தி ஹாரன் அடித்தான். "வா லா வயர்மேன், இன்னொரு பெட்டி எடுக்கலாம்." நான் எட்டிப் பார்த்து வயிற்றுவலி என்றேன். அடுத்த சனிக்கிழமை ஓவர்டைம் என்றேன். உண்மை என்னவென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெட்டியும் இங்கே வந்துவிட்டால் அங்கே கேட்பதற்குக் காது ஏது? சத்தம் நின்றுவிடும். மறுபடியும் சுவரும் நானும்தான்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பியது அப்படியே கேட்டது. "இந்த ஒத்தப் பெட்டிக்கு நா காவலு. அங்க புள்ள வலி எடுத்து என்ன பண்றாளோ. சனிக்கெழம வரேன்னுச்சு அந்தத் தம்பி." நான் காதால் கேட்டேன். கேட்டுவிட்டும் அந்தச் சனிக்கிழமை போகவில்லை. எனக்கு அவர் குரல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு பெண்பிள்ளையை அவ்வளவு பெரிய பங்களாவில் என் பொழுதுபோக்குக்காக அடைத்து வைத்திருந்தேன் என்பதை இன்றைக்குச் சொல்லும்போது கூசுகிறது.

நாலாம் வாரம் புதன்கிழமை பெருக்குகிற சத்தம் வரவில்லை. மழை மட்டும் கேட்டது. அதற்கு நடுவே முனகல். நான் பெட்டியோடு காதை ஒட்டிவைத்தேன். முனகல் நின்றது. பிறகு மிகவும் மெதுவாக, "வயர்மேன் தம்பி... கேக்குதா? நா விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. தண்ணி வேணும்" என்று குரல் வந்தது. தனக்குத் தானே பேசிக்கொள்கிற பேச்சாக இல்லை அது. என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஆ லெக் வீட்டுக்கு ஓடி அவனை இழுத்துக்கொண்டு லோரியில் ஏறினேன். யார் சொன்னது என்று கேட்டான், டெலிபோன் வந்தது என்றேன். ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஹாலில், மூலையில் நின்ற இரண்டாவது ஸ்பீக்கரின் காலடியில் கிடந்தார். முதல் நாள் நடுராத்திரி, நான் இங்கே தூங்கிக்கொண்டிருந்த நேரம், மழைச் சாரல் பெட்டியில் அடிக்கிறதே என்று ஸ்டூல் போட்டு உயரத்து ஜன்னலைச் சாத்தப் போய் விழுந்திருக்கிறார். என் பெட்டி நனையக் கூடாது என்று. இடுப்பெலும்பு விட்டுப்போயிருந்தது, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தண்ணீர் கொடுத்து, ஒரு கதவைக் கழற்றி அதன்மேல் படுக்கவைத்து, லோரியில் போட்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். இன்னும் ஓர் இரவு தாண்டியிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டருக்கு உதவியாக அங்கிருந்த டிரஸ்ஸர். பங்களாவை விட்டு வெளியே வரும்போது டெலிபோன் கம்பி அறுந்து தொங்குவதை ஆ லெக் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

பத்து நாள் கழித்து அவர் கண் தெளிந்து பேசுகிற நிலைக்கு வந்தார். மகளுக்கு சுகப்பிரசவம், பெண் குழந்தை என்று சேதி வந்திருந்தது. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், வேண்டுமென்றேதான் வராமலிருந்தேன் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"எனக்கும் கேட்டுச்சு தம்பி," என்றார். "நீங்க பேசுறது எல்லாம் அந்தப் பெட்டியில கேக்கும். மொத நாளு பயந்து போயி சாமிய கும்பிட்டேன். அப்பறம் பழகிருச்சு. ஃபோர்மேன் தொப்பி விழுந்த கதைக்கு நா எப்படி சிரிச்சேன் தெரியுமா?"

"ஏங்க்கா, பதில் பேசியிருக்கலாமே?"

"பெட்டியோட பேசினா யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க? வெக்கமா இருக்காதா? கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்த எடத்துல அதுதான் எனக்கு தொண." ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே, "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுல இருக்குற அந்தம்மாவுக்கு நீங்க ஒரு வார்த்த பதில் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"எந்த அம்மா?"

"மலாய்ல கேக்குமே. நீங்க பேசிட்டு மூச்சு விடுற நேரம் பாத்து, சுடா மாக்கான், சுடா மாக்கான்னு. சாப்பிட்டாச்சான்னுதான கேக்குது? தெனமும் கேக்குது. நீங்க பாட்டுக்கு ஃபோர்மேனு, சோறுன்னு உங்க கதையவே பேசிக்கிட்டு இருக்கீங்க. ஒரு நாளு அது அழுதுச்சு தம்பி. எனக்கே மனசு கேக்கல."

என் வீட்டில் யாரும் இல்லை என்று நான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் நாலு நாள் வீட்டில் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் வீட்டுச் சத்தம் என் வீட்டுப் பெட்டியில் எப்படிக் கேட்கும்? அதைக் கேட்க வேண்டுமானால் மற்றப் பெட்டியின் முன்னால்தான் உட்கார வேண்டும்.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போனேன். பண்டார் ஹிலிரில் ஒரு கம்பத்தில் ஏணி வழுக்கி, ஒரு கையால் தொங்கி, எப்படியோ கால் ஊன்றி இறங்கினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனாலும் வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்தவர்களும் இல்லை. மத்தியானம் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆ லெக்கின் லோரியில் ஏறினேன். எஸ்டேட் கிராணியிடம் பங்களாச் சாவியை வாங்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால். ஆ லெக்கையும் ஆட்களையும் வெளியே மரத்தடியில் சிகரெட் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். வெறும் ஹால், மூலையில் அந்தப் பெட்டி. பாக்கியம் அக்காவின் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன்.

முதலில் கடிகாரம் கேட்டது. என் வீட்டுக் கடிகாரம்தான், பெண்டுலம் ஒரு பக்கம் இழுத்து அடிக்கும், எனக்குத் தெரியாதா? பிறகு குழாய் சொட்டுவது. ஆறுமுகம் பிள்ளை வீட்டில் சம்பாலுக்கு மிளகாய் இடிக்கிற உரல் சத்தம். இருபது மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு என் வீடு தனியாக இருக்கிறதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் குரல் வந்தது. கிழக் குரலும் இல்லை, சிறு பெண் குரலும் இல்லை. சமையல்கட்டுப் பக்கமிருந்து வருகிற மாதிரி, கொஞ்சம் தயங்கி, "சுடா மாக்கான்?" என்று கேட்டது.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, பாவமாக இருந்தது. அண்ணன் போனதிலிருந்து யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, கேட்ட ஒருத்திக்கும் நான் பதில் சொன்னதில்லை. ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டு, இன்றைக்காவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு குரல் பதில் சொல்லிவிட்டது. "சுடா, சுடா," ஆச்சு, ஆச்சு என்றது அந்தப் பெட்டிக்குள். அது என் குரல்.

எதிரொலி என்பீர்கள். நான் இன்னும் பேசவே இல்லை. அந்தக் குரல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது, கோப்பியை உறிஞ்சியது, நான் உறிஞ்சுவதைப் போலவே. பிறகு பண்டார் ஹிலிரில் ஏணி வழுக்கிய கதையை ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லவே முடியாத கதை அது. என் குரல் அதைச் சரளமான மலாயில், அந்தச் சந்துக்காரர்கள் பேசுகிற பேச்சில் சொன்னது, நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னது. ஒரு கையால் தொங்கிய இடத்தில் அவள் ஐயோ என்றாள், கீழே இறங்கிய இடத்தில் சிரித்தாள். அவனும் சிரித்தான். தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது, ஒரு தட்டு, பிறகு இன்னொரு தட்டு. நான் அந்த வெறும் ஹாலில் பூட்டுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் மட்டும் அங்கே இல்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஆ லெக் வந்து வாசலில் நின்று, "வயர்மேன், ஏன் அழுவுற?" என்று கேட்டபோதுதான் எழுந்தேன். பெட்டியில் சத்தம் நின்றிருந்தது. பலகை அடித்து, சாக்கு சுற்றி, அதையும் லோரியில் ஏற்றினோம். ஆ லெக் அன்றைக்குப் பெட்டிக்கும் தனக்கும் நடுவில், பேய் அண்டாமலிருக்க ஒரு சிவப்புக் காகிதத்தை ஒட்டிக்கொண்டுதான் வண்டி ஓட்டினான். இருட்டுவதற்குள் வீடு வந்தோம். பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே எல்லாம் நான் வைத்தபடி வைத்த இடத்தில்தான் இருந்தது, தட்டுகள்கூட அலமாரியில் அடுக்கியபடி. நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு கீடு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு பெட்டியிலும் பாட்டைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. ஆம்ப்ளிஃபையர் செய்து முடித்து, நாகஸ்வரத் தட்டு போட்டு, சந்தே வந்து நின்று கேட்டிருக்கிறது. பாக்கியம் அக்கா மகள் வீட்டுக்குப் போய் இன்னும் பல வருஷம் நன்றாக இருந்து பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நான் ரிட்டையர் ஆகி, அந்த வீட்டையே விலைக்கு வாங்கி, இன்னும் அங்கேதான் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை.

வெளியே போய்விட்டுத் திரும்பும்போது கதவுக்கு முன்னால் கொஞ்சம் நிற்கிறேன். செருப்பைத் தரையில் தேய்க்கிறேன், பூட்டை இரண்டு தடவை ஆட்டுகிறேன். உள்ளே என் குரலில் பேசிக்கொண்டிருப்பவன் பேச்சை முடித்துக்கொள்ளட்டும் என்று, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவனைப் போல, ஒரு தடவை இருமிவிட்டுத்தான் என் வீட்டுக்குள் போகிறேன்.